எழுபது வளைவுக்கு நடுவே: மாற்றுத்திறனாளிகளின் வேலைக்குக் கைகோத்தவர்கள் கதை



நினைவு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்று செயற்குழுவில் கேட்டார்கள். எத்தனை குழு ஆரம்பித்தோம், எவ்வளவு கடன் வாங்கினோம், எவ்வளவு திருப்பிக் கட்டினோம் என்று எழுதிவிடலாம் என்றுதான் பழைய தீர்மான நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புரட்டப் புரட்ட, நோட்டில் எழுதாமல் விட்ட ஒரு விஷயம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் குழு தொடங்கிய புதிது. நாங்கள் பதினைந்து பேர். கீழ்க்காட்டுப் பக்கம் இருந்து ஒரு பெண் குச்சியை ஊன்றிக்கொண்டு மேடேறி வந்தாள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனவள். "அக்கா, என்னையும் குழுவுல சேத்துக்குவீங்களா?" என்று கேட்டாள். எங்களில் ஒருத்தர், "வாராவாரம் இந்த மேட்ட ஏறி வர முடியுமா உன்னால? கடன் குடுத்தா எதை வெச்சுக் கட்டுவ?" என்றார். யாரும் பதில் பேசவில்லை. ஊக்குநராக இருந்த நானும் பேசவில்லை. அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "சரிங்க்கா, நான் வாரேன்" என்று எழுந்து போனாள். சேர்ப்பதில்லை என்று தீர்மானம் எதுவும் போடவில்லை. அதனால் நோட்டில் அந்தப் பக்கமே இல்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பாதி ஊருக்குச் சாமை புடைத்து, கல் பொறுக்கிக் கொடுத்தவள் அவள்தான். அவளால் சம்பாதிக்க முடியாது என்று சொன்ன வீட்டிலும் அன்று ராத்திரி அவள் சுத்தம் செய்த சாமையில்தான் சோறு.

அதனால் இந்த மலரில் நம் கடன் கணக்கை வேறு யாராவது எழுதட்டும். உடம்பில் குறை உள்ளவர்களுக்கு வேலையும் வருமானமும் கிடைக்க யார் யார் சேர்ந்து பாடுபட்டார்கள், அது எப்படிப் படிப்படியாக வந்தது, அதில் நம் பங்கு என்ன என்பதை நான் எழுதுகிறேன்.

நாமே கூட்டு முயற்சியில் பிறந்தவர்கள்

முதலில் நம் பிறப்பைப் பார்ப்போம். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கியது. 1989-ல் ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் ஆரம்பித்தார்கள். அடுத்து 1991-92-ல் சேலம் மாவட்டத்துக்கு அந்தத் திட்டம் வந்தது. அப்போது நம் கொல்லிமலை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ஆம் தேதி. அந்த 1997-98-ல்தான் மகளிர் திட்டம் என்ற பெயரில் இது தமிழ்நாடு முழுக்கப் பரவத் தொடங்கியது.

அந்தத் திட்டத்தை ஒருவரே நடத்தவில்லை. அரசு நிறுவனம் மேற்பார்வை பார்த்தது. தொண்டு நிறுவனத்தார் ஊருக்குள் வந்து பேசிக் குழு கட்டினார்கள். இந்தியன் வங்கி கடன் கொடுத்தது. பெண்கள் சேமித்தார்கள். நான்கில் ஒரு கை விட்டிருந்தாலும் நடந்திருக்காது. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையை நாடு முழுக்க 500 குழுக்களோடு தொடங்கியதும் இதே வழியில்தான்.

சொத்து இல்லாத பெண்ணுக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்று அந்தக் காலத்தில் பேங்கில் நினைத்தார்கள். நாம் கட்டிக் காட்டினோம். நம்மைப் பார்த்து "எதை வெச்சுக் கட்டுவ?" என்று கேட்டதையே, பிறகு நாம் இன்னொருத்தியைப் பார்த்துக் கேட்டோம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வேலூரில் தொடங்கிய பாடம்

தமிழ்நாட்டில் பார்வையில்லாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் பள்ளிக்கூடங்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாளையங்கோட்டையில் வந்துவிட்டன. படிப்பு வந்தது. வேலை என்பது அதற்கு வெகுகாலம் பின்னால்தான் வந்தது. அதில் முக்கியமான ஊர் வேலூர்.

டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார். நோய் குணமாகி, கையும் நேராகி ஊருக்குப் போனவர்கள் சிலர் வாட்டத்தோடு திரும்பி வந்தார்கள். கை மடங்கியிருந்தபோது பிச்சையாவது போட்டார்கள். கை நேரான பிறகு அதுவும் இல்லை; தொழுநோய் வந்தவன் என்று வேலையும் யாரும் கொடுக்கவில்லை. மருத்துவம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது தவறு என்று அப்போது புரிந்தது. 1951-ல் நவஜீவ நிலையம் என்ற சின்னக் குடியிருப்பை ஏற்படுத்தி, அங்கே தச்சு வேலை போன்ற தொழில்கள் சொல்லிக் கொடுத்தார்கள். உணர்ச்சி இல்லாத கைக்குக் காயம் படாமல் கருவியைப் பிடிப்பது எப்படி என்பதும் அந்தப் பாடத்தில் அடக்கம்.

அதே மருத்துவமனையில் இருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அவர் வீட்டில் முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் அவர் தலைமையில் தொடங்கியது. 1972-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். நம் மலையில் மிளகு பறிக்க மரமேறி விழுந்து படுத்த படுக்கையானவர்கள் வீடு உங்கள் ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கும். முதுகுத்தண்டு முறிந்தால் வாழ்க்கை முடிந்தது என்று சொல்பவர்களிடம் இந்த அம்மாவின் கதையைச் சொல்லுங்கள்.

வேலூருக்குப் பக்கத்தில் காட்பாடியில் 1963-ல் சுவீடன் நாட்டு செஞ்சிலுவைச் சங்கம் ஒரு தொழிற்கூடம் ஆரம்பித்தது. இன்று அதற்கு வொர்த் டிரஸ்ட் என்று பெயர். முதலில் தொழுநோய் குணமானவர்களுக்காக வந்தது. பிறகு கை கால் குறைபாடு உள்ளவர்களுக்கும், காது கேளாதவர்களுக்கும் கதவு திறந்தது. இயந்திர உதிரி பாகங்கள் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். பார்வையில்லாதவர்கள் பிரெய்ல் எழுத்தை அடிக்கும் பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற கருவியை, அமெரிக்காவில் உள்ள பெர்கின்ஸ் பள்ளியோடு சேர்ந்து இங்கேயே செய்கிறார்கள். நடக்கச் சிரமப்படுகிற ஒருவர் காட்பாடியில் செய்த கருவியில், கண் தெரியாத ஒரு பிள்ளை எங்கோ பாடம் எழுதுகிறது.

காட்பாடியில் நாம் கவனிக்க வேண்டியது இது. மருத்துவமனை குணப்படுத்தியது, வெளிநாட்டுச் சங்கம் முதல் போட்டது, தொழிற்கூடம் பயிற்சி கொடுத்தது, தொழிற்சாலைகள் ஆர்டர் கொடுத்தன. கடைசியில் சொன்ன ஆர்டர் இல்லாவிட்டால் முதல் மூன்றும் தருமக் கணக்கிலேயே நின்றிருக்கும். பொருளுக்கு வாங்குகிறவர் இருந்ததால்தான் அது கூலியாகக் கையில் வந்தது.

ஆய்க்குடியில் இருந்து கிராமத்துக்கு

அடுத்த படி தெற்கே நடந்தது. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூர் போனார். அங்கே உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி வந்தவர், தன்னைப் போன்றவர்களுக்காக 1981-ல் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங்கின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார். அந்த 1981-ஐத்தான் ஐ.நா. சபை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. தசைநோயால் பாதிக்கப்பட்ட கணக்குத் தணிக்கையாளர் சங்கரராமன் 1992-ல் அவரோடு சேர்ந்துகொண்டார். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பள்ளிக்கூடம், மருத்துவம், தொழிற்பயிற்சி என்று சங்கம் வளர்ந்தது. நமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு அவர்கள் செய்தது. எல்லோரையும் ஆய்க்குடிக்கே வரச் சொல்லிக்கொண்டிருந்தால் வர முடிந்தவர்கள்தான் வருவார்கள். அதனால் பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீடு தேடிப் போனார்கள். வீட்டிலேயே பயிற்சி கொடுத்தார்கள். மாற்றுத்திறனாளிகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் சேர்த்துச் சுய உதவிக் குழுக்கள் கட்டினார்கள்.

மலையில் இருக்கும் நமக்கு இது உடனே புரியும். காரவள்ளியில் இருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவு. நல்ல உடம்போடு பஸ்ஸில் வந்தாலே பாதிப் பேருக்குத் தலை சுற்றும். ரோட்டுக்கு வருவதற்கே ஊரில் இருந்து ஒரு மணி நேரம் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கீழே எவ்வளவு நல்ல திட்டம் இருந்தாலும், அது மேலே ஏறி வராவிட்டால் நமக்கு இல்லை என்றுதான் அர்த்தம்.

சட்டம் வந்த வழி

1995-ல் மத்திய அரசு ஊனமுற்றோருக்கான சட்டம் கொண்டுவந்தது. அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு அதில் வந்தது. வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் 3 சதவீதத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. 1997-ல் மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில் கடன் கொடுக்கத் தேசிய அளவில் ஒரு நிதி நிறுவனம் தொடங்கினார்கள். 2006-ல் ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அடுத்த ஆண்டே இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திட்டு உறுதி செய்தது.

பெயரும் மாறியது. முன்பு அரசுக் காகிதத்தில் ஊனமுற்றோர் என்று இருந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகள் என்று மாற்றியது. நம் ஊரில் பெயர் மாற இன்னும் நாளாகும் போலிருக்கிறது. அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும். ஊருக்குள் "நொண்டி", "செவிடி" என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களில் நாமும் உண்டு. ஒருவரைக் குழுவில் சேர்த்தால் முதலில் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை எழுத வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதுவே பெரிய மாற்றம்தான்.

2016-ல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய உரிமைச் சட்டம் வந்தது. 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு 7 வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தார்கள். இப்போது 21 வகை. அரசு வேலை ஒதுக்கீடு 4 சதவீதம் ஆனது. நாம் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டியது அதன் 37-வது பிரிவு. வறுமை ஒழிப்பு மற்றும் வளர்ச்சித் திட்டங்களில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும், அதில் பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று இருப்பவர்களுக்கு இது பொருந்தும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அதுவும் 7, 8 வகைகளை மட்டும் கேட்டு எண்ணியது. சட்டத்தில் சொன்னதெல்லாம் இவர்கள் வீட்டு வாசலுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் அடுத்த கேள்வி.

குழுக்கள் வழியே வந்த மாற்றம்

அதற்குத் தமிழ்நாட்டில் நடந்த பெரிய முயற்சி புது வாழ்வு திட்டம். 2005-ல் உலக வங்கிக் கடன் உதவியோடு தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் பல மாவட்டங்களில் நடந்தது. ஊரில் யார் மிகவும் ஏழை என்பதை அதிகாரி முடிவு செய்யவில்லை. மக்கள் நிலை ஆய்வு என்று ஊரே உட்கார்ந்து பட்டியல் போட்டது. கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் பணத்தைக் கையாண்டது. அதில் மாற்றுத்திறனாளிகளுக்கும் இடம் வைத்தார்கள். மாற்றுத்திறனாளிகளைத் தேடிப்பிடித்து, அடையாள அட்டை வாங்கிக் கொடுத்து, குழுவில் சேர்ப்பதற்கென்றே ஊர்க்காரர்களில் ஒருவரைப் பயிற்சி கொடுத்து நியமித்தார்கள்.

அந்தக் கடைசி ஏற்பாடுதான் நான் சொல்ல வந்தது. மாற்றுத்திறனாளி ஒருவர் தொழில் செய்ய வேண்டும் என்றால் எத்தனை இடம் போக வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். டாக்டர் பார்த்துச் சான்று தர வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அட்டை, ஊன்றுகோல், மூன்று சக்கர வண்டி, மோட்டார் வைத்த தையல் மிஷின் இதற்கெல்லாம் மனுக் கொடுக்க வேண்டும். பயிற்சிக்குத் தொண்டு நிறுவனம். கடனுக்குப் பேங்க் அல்லது கூட்டுறவு வங்கி. உதவித்தொகைக்கு வருவாய்த்துறை. விற்பதற்குச் சந்தை. ஒவ்வொரு இடத்திலும் இருப்பவர்கள் அவரவர் வேலையைச் செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வாசலில் இருந்து அடுத்த வாசலுக்கு அந்த மனுஷியை யார் கூட்டிக்கொண்டு போவது? காகிதம் தொலைவதும், ஆள் சலித்துப் போவதும் இந்த இரண்டு வாசலுக்கு நடுவில்தான். கூடவே நடக்க ஊரிலேயே ஒரு ஆள் இருந்த இடங்களில் வேலை நடந்தது.

2011-ல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. தமிழ்நாட்டில் மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் என்று நம் குழுக்கள் எல்லாம் அதன்கீழ் வந்தன. அதில் ஒரு நல்ல விதி இருக்கிறது. சாதாரணக் குழுவுக்கு பத்துப் பேருக்குக் குறையக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கு 5 பேர் இருந்தால் போதும். ஆண்களும் சேரலாம். அவர்களுக்கும் வங்கிக் கணக்கு, சுழல் நிதி, கடன் இணைப்பு எல்லாம் உண்டு. பல குக்கிராமங்களில் மாற்றுத்திறனாளிகள் நான்கைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். அதனால் மலைக்கு இந்த விதி ரொம்பப் பொருத்தம்.

நூறு நாள் வேலையிலும் ஒரு வழி பிறந்தது. முதலில் மாற்றுத்திறனாளிகள் வேலைக்குப் போனால், "உன்னால மண்ணு வெட்ட முடியாது, போ" என்றார்கள். மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் போராடின. 2012-ல் அரசாணை எண் 52 வந்தது. 4 மணி நேரம் வேலை செய்தால் முழுக் கூலி என்றும், அவர்களுக்கு ஏற்ற வேலை தர வேண்டும் என்றும் ஆனது. தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகள் கிடைத்தன. இது தானாகக் கிடைத்ததில்லை. வீதியில் உட்கார்ந்து கேட்டு வாங்கினார்கள்.

2022-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு உரிமைகள் திட்டம் தொடங்கியது. மருத்துவம், சிகிச்சைப் பயிற்சி, உதவி எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் தருவதற்கு விழுதுகள் என்ற பெயரில் மையங்கள் திறக்கிறார்கள். தொண்டு நிறுவனங்களையும் கூட்டாகச் சேர்த்துக்கொண்டே இது நடக்கிறது. பத்து வாசலை ஒரு வாசலாக்கும் முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

நம் மலையிலேயே ஒரு முன்னுதாரணம்

கூட்டாகச் செய்தால் வேலை எப்படி மாறும் என்பதற்கு நாம் வேலூருக்கும் ஆய்க்குடிக்கும் போக வேண்டியதில்லை. நம் மலையிலேயே இருக்கிறது.

மரவள்ளிக் கிழங்குக்குச் சேகோ ஆலைகளில் விலை கிடைத்ததால் சாமையும் தினையும் கேழ்வரகும் குறைந்துகொண்டே போனதை நம் மாமியார் தலைமுறை பார்த்தது. விலை மட்டும் காரணமில்லை. சாமையைச் சோறாக்குவதற்குள் உரலில் குத்திக் குத்திப் பெண்கள் கை காய்த்துவிடும். "சாமை போடலாமா?" என்று ஆண்கள் கேட்டால், "நீங்க குத்தறீங்களா?" என்று கேட்ட வீடுகள் எத்தனையோ. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை ஆரம்பித்தபோது இதைக் கண்டுகொண்டது. விதை பாதுகாப்போடு நிற்காமல், தானியத்தை உமி நீக்கி அரைக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுவந்து பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தது. 2001-க்குப் பிறகு வெளிநாட்டு நிதி நிறுவனங்களும் இதில் சேர்ந்தன. சிறுதானிய மாவும் அரிசியும் பொட்டலமாகக் கீழே போக ஆரம்பித்தது.

உரலில் குத்தும் வேலைக்கு நல்ல தோள் வேண்டும், நிற்க இரண்டு கால் வேண்டும். மில்லில் அரைத்து, சலித்து, கல் பொறுக்கி, எடை போட்டு, பை ஒட்டி, கணக்கு எழுதும் வேலைகளில் பாதிக்கு மேல் உட்கார்ந்தே செய்யலாம். மிளகு காய வைத்துத் தரம் பிரிப்பதும், காப்பிக்கொட்டை பொறுக்குவதும் அப்படித்தான். காது கேளாத பெண்ணுக்கு இதில் எதுவுமே தடையில்லை. வேலையின் அமைப்பு மாறினால், "முடியாதவள்" என்று நாம் சொன்ன ஆளே முடிந்தவளாகிவிடுகிறாள். ஆள் அதே ஆள்தான்.

நோட்டில் எழுதாமல் விட்டது

மறுபடி அந்தப் பெண்ணிடம் வருகிறேன். சில வருஷம் கழித்து, ஐந்து பேர் இருந்தால் குழு ஆரம்பிக்கலாம் என்று பயிற்சியில் கேட்டபோது எனக்கு அவள் முகம்தான் வந்தது. வீட்டுக்குப் போனேன். பழசை அவள் பேசவில்லை. "அட்டை இல்லீங்க்கா" என்றாள்.

அட்டைக்காக நாங்கள் நான்கு தடவை மலை இறங்கினோம். ஒரு தடவை போட்டோ சரியில்லை. ஒரு தடவை முகாம் முடிந்துவிட்டது. ஒரு தடவை பார்க்க வேண்டிய டாக்டர் அன்று இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியும் இரண்டு பேருக்குப் பஸ் காசும் போனது. மூன்றாவது தடவை திரும்பும்போது வளைவில் அவளுக்கு வாந்தி. "போதுங்க்கா, விட்ருங்க" என்றாள். நான் கூட இருந்ததால் நான்காவது தடவை வந்தாள். தனியாக இருந்திருந்தால் இரண்டாவதோடு நின்றிருப்பாள். நம் ஊர்களில் இரண்டாவதோடு நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அட்டை வந்தது. அக்கம்பக்கக் குக்கிராமங்களில் இருந்து இன்னும் நான்கு பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் மரத்தில் இருந்து விழுந்தவர். ஒருத்தி காது கேளாதவள். கூட்டம் மேட்டில் வைப்பதில்லை. ஐந்து பேரும் வரத் தோதான கீழ்க்காட்டு வீட்டுத் திண்ணையில் வைக்கிறார்கள். சிறுதானியம் சுத்தம் செய்து பொட்டலம் போடுகிறார்கள். பெரிய வருமானம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் ஆர்டர் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. ஆனால் இதுவரை கடன் தவணை ஒன்றுகூடத் தவறியதில்லை. "எதை வெச்சுக் கட்டுவ?" என்று கேட்ட நம் குழுவில் தவணை தவறியிருக்கிறது. அது நோட்டில் இருக்கிறது.

இனி நாம் செய்ய வேண்டியது

வரலாறு படிப்பது அடுத்த அடி வைப்பதற்குத்தான். கூட்டமைப்பின் முன்னால் நான் வைப்பது நான்கு விஷயம்.

ஒன்று, ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் உள்ள மாற்றுத்திறனாளிகள் பெயரை எழுதிக் கொண்டுவர வேண்டும். பட்டப்பெயர் வேண்டாம், சொந்தப் பெயர். அட்டை இருக்கிறதா, என்ன வேலை தெரியும், என்ன வேலை செய்ய ஆசை என்று அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும்.

இரண்டு, அட்டைக்கும் மனுவுக்கும் கீழே போகிறவரோடு கூடப் போக ஊராட்சிக்கு ஒரு சகோதரி வேண்டும். அவருக்குப் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் கூட்டமைப்பு நிதியில் இருந்து கொடுக்க வேண்டும். அதோடு, முகாமையே செம்மேட்டில் அடிக்கடி நடத்தச் சொல்லி நாம் சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும். ஐம்பது பேர் இறங்குவதைவிட நான்கு அதிகாரிகள் ஏறி வருவது சுலபம்.

மூன்று, நம் கூட்டமைப்பு வாங்கும் பொருளிலும், பிடிக்கும் ஆர்டரிலும் ஒரு பங்கை இந்தக் குழுக்களுக்கு ஒதுக்க வேண்டும். காட்பாடிப் பாடம் அதுதான். பயிற்சியும் கடனும் கொடுத்துவிட்டு வாங்க ஆளில்லாமல் விட்டால் கடன்தான் மிஞ்சும்.

நான்கு, உள்ளாட்சி. ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. கொல்லிமலையில் 14 ஊராட்சி. அப்படியென்றால் 14 நாற்காலி. அதில் உட்காரப் பெண்கள் முன்வர வேண்டும். மனுப் போட வைப்பதும், தைரியம் சொல்வதும் நம் வேலை.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் வாசித்துக் காட்டினேன். குழுவில் சேர்க்காமல் அனுப்பியதையும் வாசித்தேன். கொஞ்ச நேரம் பொட்டலம் ஒட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அன்னிக்குக் காப்பி நான்தான் போட்டேன்னு எழுதிட்டீங்களாக்கா? தூக்குப் போசியில எங்க வீட்ல இருந்து எடுத்துட்டு வந்தேன். எல்லாருக்கும் ஊத்துனேன்" என்றாள்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவள் கொண்டுவந்த காப்பியைத்தான் நாங்கள் பதினைந்து பேரும் குடித்தோம் என்று எழுதியிருக்கிறேனா என்று மேலே போய்ப் பார்த்தேன். அவள் கொடுத்த காப்பி என்று கை தானாக எழுதியிருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு உங்கள் ஊர்ப் பெயர்ப் பட்டியலோடு வாருங்கள், சகோதரிகளே. இந்தத் தடவை எல்லாவற்றையும் தீர்மான நோட்டில் எழுதுவோம்.